ஒரு எஞ்சின், இரண்டு புரொபெல்லர்: களை அள்ளும் படகுக்கு ஹைட்ராலிக்கா, மின்சாரமா?

படகின் நீளம் 11 மீட்டர். இரண்டு அலுமினிய மிதவைகள், மேலே ஒரு தளம். ஏரி, நீர்த்தேக்கம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் நீர்க்களையை அள்ளிக் கரை சேர்ப்பதுதான் வேலை. முன்பக்கம் கன்வேயர், நடுவில் சின்ன கிரேன். களை ஏற்றிய நிலையில் மொத்த எடை 7 டன். டீசல் எஞ்சின் ஒன்றுதான், அதுவும் தளத்தின் நடுவே. புரொபெல்லர்கள் இரண்டு, மிதவைக்கு ஒன்றாகப் பின்முனையில். எஞ்சினின் சக்தியை அங்கே எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான் நான் பரிந்துரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த கேள்வி.

சாதாரணப் படகு என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், புரொபெல்லர் என்று நேராகப் போட்டுவிட்டால் 100-க்கு 95, 96 பங்கு சக்தி புரொபெல்லரைச் சேரும். ஹைட்ராலிக்கும் மின்சாரமும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் நேர் ஷாஃப்ட் போட இடமிருக்கும் படகுக்காரர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. இந்தப் படகில் மிதவையின் உள்ளகலம் எஞ்சினைக் கொள்ளாது. தளத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் இறக்குவதற்கு மூட்டுகளும் கியர்களும் வைத்தால் அதுவே தனிப் பராமரிப்பு வேலையாகிவிடும். ஆக, சக்தியை அழுத்தமேற்றிய ஆயிலாகவோ (அதுதான் ஹைட்ராலிக்) மின்சாரமாகவோ மாற்றி அனுப்ப வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழே வருவது வடிவமைப்பு நிலைக் கணக்கு. பாகங்களின் செயல்திறனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் நடுத்தர மதிப்புகளை எடுத்திருக்கிறேன்.

ஒரு வேலை நாள்

பம்பு எது, மோட்டார் எது என்று பட்டியலைப் புரட்டுவதற்கு முன் எழுத வேண்டியது படகின் ஒரு நாளை. பெரும்பாலான விவாதங்கள் இதை விட்டுவிட்டுத்தான் தொடங்குகின்றன.

காலையில் ஒரு மணி நேரம் 6.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கி.மீ.) வேகத்தில் களை இருக்கும் இடத்துக்குப் போகிறது. மாலையில் அதே வேகத்தில் ஒரு மணி நேரம் திரும்புகிறது. இடையில் 5 மணி நேரம் 3 நாட் வேகத்தில் ஊர்ந்தபடி களை அள்ளுகிறது. காற்று தள்ளும்போது படகை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்த, மொத்தமாக ஒரு அரை மணி நேரம் 10 கிலோவாட் அளவுக்குச் சக்தி தேவை.

மிதவைகள் மொண்ணையானவை, அதனால் 6.5 நாட்டுக்கு இரண்டு ஷாஃப்டிலும் சேர்த்து 25 கிலோவாட் வேண்டும். தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும் என்பதால், 3 நாட்டுக்கு 2.5 கிலோவாட் போதும். பத்தில் ஒரு பங்கு! ஷாஃப்டில் ஒரு நாளைக்கு ஆகும் கணக்கு: போக வர 50 யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்), ஊர்ந்து வேலை செய்ய 12.5, காற்றோடு மல்லுக்கட்ட 5. இதுபோக, கிரேனும் கன்வேயரும் அந்த 5 மணி நேரமும் சராசரியாக 5 கிலோவாட் இழுக்கும்.

ஆற்றலில் பெரும்பகுதி வேக ஓட்டத்துக்குப் போகிறது. ஆனால் நேரத்தில் பெரும்பகுதி மெதுவான வேலைக்குப் போகிறது. கேள்வியின் முடிச்சு இங்கேதான்.

ஹைட்ராலிக் வழி

ஒவ்வொரு புரொபெல்லருக்கும் 12.5 கிலோவாட், 600 ஆர்பிஎம். முறுக்குவிசை 199 நியூட்டன் மீட்டர் வருகிறது. சுற்றுக்கு 80 சிசி ஆயில் எடுக்கும் பிஸ்டன் மோட்டார் வைத்தால் 168 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) நிமிடத்துக்கு 50 லிட்டர் ஓட வேண்டும். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600-ஆல் (இது அலகு மாற்றும் எண், ஆர்பிஎம் அல்ல) வகுத்தால் கிலோவாட்: ஏறக்குறைய 14. அதில் 12.5 ஷாஃப்டுக்கு வருகிறது, மீதி மோட்டாரிலேயே சூடாகிவிடுகிறது.

பம்பு 88 விழுக்காடு, குழாய் வழி 97, மோட்டார் 88. பெருக்கினால் 75. அதாவது 25 கிலோவாட் வேண்டுமானால் எஞ்சின் 33.3 கிலோவாட் தர வேண்டும். வித்தியாசமான 8.3 கிலோவாட்டும் ஆயிலைச் சூடாக்குகிறது. அதை ஆற்ற, நீர் 5 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால் கூலர் வழியாக நிமிடத்துக்கு 24 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். களை மிதக்கும் நீரில் அந்தத் தண்ணீரை உறிஞ்சும் வாயில் என்ன போய் அடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் படகுக்கு ஹைட்ராலிக் என்றால் கூலரின் வடிகட்டிதான் ஓட்டுநரின் முதல் தலைவலி. வெளி நீரை எடுக்காமல் மிதவையின் அலுமினியச் சுவரிலேயே வெப்பத்தைக் கடத்தும் கூலர் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும்.

குழாய் விஷயத்தில் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். முக்கால் அங்குல ஹோஸில் 50 லிட்டர் ஓடினால் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். அரை அங்குல ஹோஸ் போட்டால் 6.6 மீட்டர் ஆகிவிடும், அழுத்த இழப்பு 5 மடங்கு ஏறும். வளைவுகள், இணைப்புகள் எல்லாம் சேர்த்து 5 பாரில் முடிய வேண்டியது 25 பார் ஆகும். 168 பாரில் 25 போனால் அது 15 விழுக்காடு. ஹோஸில் மிச்சம் பிடித்த காசை டீசலாகத் தினமும் கட்ட வேண்டியதுதான்.

இதுவரை எல்லாம் வேக ஓட்டத்துக்கு. 3 நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. புரொபெல்லர் 277 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, அழுத்தம் 40 பார்தான். ஆனால் ஆயில் தொட்டிக்குத் திரும்பாமல் பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே சுற்றிவரும் மூடிய சுற்று ஹைட்ராலிக்கில் கசிவை ஈடுகட்டவும் ஆயிலைப் புதுப்பிக்கவும் ஒரு சார்ஜ் பம்பு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 30 லிட்டர், 25 பார் என்று வைத்தால் அது மட்டுமே 1.25 கிலோவாட். படகை நகர்த்தத் தேவை 2.5 கிலோவாட், அதில் பாதி அளவை இந்தத் துணைப் பம்பு தின்கிறது. பெரிய பம்பு குறைந்த கொள்ளளவில் ஓடும்போது ஏற்படும் உராய்வையும் கூட்டினால் மொத்தச் செயல்திறன் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 2.5-க்கு எஞ்சின் 6.25 கிலோவாட் தர வேண்டும். கிரேனோடு சேர்த்து 11.25. அது 45 கிலோவாட் எஞ்சினுக்குக் கால் பங்குச் சுமை. டீசல் எஞ்சினை மணிக்கணக்கில் இப்படி ஓட்டினால் யூனிட்டுக்கு 0.27 லிட்டர் பிடித்தது 0.32 ஆகும். கரி படிவது வேறு.

ஒரு நாள் டீசல்: ஓட்டத்துக்கு 18 லிட்டர், ஊர்ந்து வேலை செய்ய 18, காற்றுக்கு 2. மொத்தம் 38.

மின்சார வழி

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1838-இலேயே மோரிட்ஸ் யாகோபி நேவா நதியில் பேட்டரிப் படகு ஓட்டிக் காட்டியிருக்கிறார். அன்று இல்லாதது நல்ல பேட்டரியும், மோட்டாருக்கு வேண்டிய அளவு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலரும்தான்.

டீசல் ஜெனரேட்டர் 93 விழுக்காடு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் 97, மோட்டாருக்காக அதை மீண்டும் ஏசியாக்கும் இன்வெர்ட்டர் 97, மோட்டார் 92, கேபிள் 98. பெருக்கினால் 79. அதே 25 கிலோவாட்டுக்கு எஞ்சின் 31.6 தந்தால் போதும். போக வர 17 லிட்டர். ஹைட்ராலிக்கின் 18-ஐவிட ஒரு லிட்டர் குறைவு, அவ்வளவுதான். மின்சாரம் என்றால் பாதிச் செலவு மிச்சம் என்று நினைத்து வருபவர்களுக்கு இந்த இடத்தில் முகம் சுருங்கும்.

மெதுவான வேலையில் என்ன ஆகிறது? பேட்டரியே இல்லாமல், ஜெனரேட்டர் ஓடி நேரே மோட்டாருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். மோட்டார்களுக்கு 3 கிலோவாட், கிரேன் பம்பைச் சுற்றும் மின் மோட்டாருக்கு 5.6. எஞ்சின் 9.5 கிலோவாட் தருகிறது. இங்கேயும் எஞ்சின் கால் பங்குச் சுமையில்தான் உட்கார்ந்திருக்கிறது. 5 மணி நேரத்துக்கு 16 லிட்டர். காற்றுக்கான 2 லிட்டரோடு சேர்த்து மொத்தம் 35. ஹைட்ராலிக்கைவிட 3 லிட்டர் குறைவு.

இப்போது பேட்டரி சேர்ப்போம். ஊர்ந்து வேலை செய்யும் நேரத்தில் எஞ்சின் நிற்கிறது. காற்றோடு மல்லுக்கட்டுவதற்கும் சேர்த்துத் தேவையான ஏறக்குறைய 49 யூனிட்டை ஜெனரேட்டர் நல்ல சுமையில் ஓடித் தயாரித்துக் கொடுக்கிறது. சார்ஜ் ஏறி இறங்கும் இழப்பையும் சேர்த்து 15 லிட்டர். மொத்தம் 32. ஆக, ஹைட்ராலிக்கோடு ஒப்பிட்டால் 6 லிட்டர் மிச்சம். அதில் பாதி மின்சார மோட்டார் தந்தது, மறுபாதி எஞ்சினை நிறுத்த முடிந்ததால் வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "மின்சாரம் சிக்கனம்" என்று ஒரே வரியில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பேட்டரி வைக்க மாட்டேன், கரையில் சார்ஜும் போட மாட்டேன் என்பவருக்கு மின்சாரத்தின் பலன் பாதியாகச் சுருங்கிவிடும்.

பேட்டரி எவ்வளவு பெரியது என்பது அடுத்த விவகாரம். 49 யூனிட்டையும் ஒரே மூச்சில் தர வேண்டும், அதற்காக 80 விழுக்காடு வரை இறக்கலாம் என்றால் 61 யூனிட் பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் கிலோவுக்கு 110 வாட்மணி என்று வைத்தால் 550 கிலோ. ஈய அமில பேட்டரியில் இதே வேலைக்கு 2.8 டன் ஆகும். 7 டன் படகில் அது பேச்சுக்கே இடமில்லை. நடுவழி ஒன்று இருக்கிறது: 30 யூனிட் பேட்டரி, எடை 270 கிலோ. பகலில் இடையிடையே ஜெனரேட்டரை ஓட்டி நிரப்பிக்கொள்ளலாம். டீசல் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

கரையில் இரவு சார்ஜ் போட முடிந்தால் கணக்கு இன்னும் இளகும். இந்த 30 யூனிட் பேட்டரியின் 24 யூனிட்டை நிரப்ப 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றே இரவு முழுக்கப் போதும். நாள் டீசல் 25 லிட்டருக்கு இறங்கிவிடும். இந்தப் படகு தினமும் ஒரே துறையில் வந்து கட்டுகிறது, துறையில் மின் இணைப்பும் இருக்கிறது. முடிவை எந்தப் பக்கம் சாய்த்தது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எத்தனை வோல்ட்?

48 வோல்ட் என்று சொன்னதும் நிம்மதியாக இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 16-ஐ வரிசையாகக் கோத்தால் முழுச் சார்ஜில் 58.4 வோல்ட் வரும். 60 வோல்ட் டிசி என்ற எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கும் என்பதால் மின்அதிர்ச்சிப் பாதுகாப்பு எளிது. ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் 290 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 580. தடிமனான 95 சதுர மி.மீ. கேபிளில், போக வர 12 மீட்டருக்கு ஒரு பக்கத்துக்கு 190 வாட் அளவு இழப்பு வரும். அது தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது இணைப்புகள். 300 ஆம்பியர் ஓடும் ஒரு லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோக இணைப்பு) கொஞ்சம் தளர்ந்தாலும், உள்ளே பச்சை பூத்தாலும், அந்த இடம் தொட்டால் சுடும் அளவுக்குக் காயும். படகில் எப்போதும் அதிர்வு, எப்போதும் ஈரம்.

96 வோல்ட் ஆக்கினால் ஆம்பியர் பாதியாகும், அதே கேபிளில் இழப்பு கால் பங்காகும். ஆனால் 60 வோல்ட் எல்லையைத் தாண்டிவிட்டதால் மூடிய இணைப்புகள், அவசர நிறுத்த சுவிட்ச், எர்த்தோடு தொடர்பில்லாத சுற்று, கூடவே இன்சுலேஷன் கண்காணிப்புக் கருவி எல்லாம் வந்தாக வேண்டும். 24 மீட்டர் வரையிலான படகுகளின் மின் உந்துதலுக்கென்றே ஐஎஸ்ஓ 16315 என்ற தர வரையறை இருக்கிறது. வேலை தொடங்கும் முன் அதை ஒரு முறை படித்துவிட வேண்டும். மிதவை அலுமினியம் என்பதால் கண்காணிப்புக் கருவியைச் செலவு மிச்சத்துக்காக விடவே கூடாது. பாசிட்டிவ் கேபிளிலிருந்து உலோகத்துக்குச் சின்னக் கசிவு இருந்தால் போதும், மின்னரிப்பு மிதவையை ஓசையில்லாமல் தின்றுவிடும். தண்ணீர் உள்ளே வரும்போதுதான் தெரியும்.

இந்தப் படகுக்கு 96 வோல்ட் என்றுதான் எழுதினேன்.

கெட்டுப்போனால்

ஹைட்ராலிக்கின் பலம் இந்தத் தலைப்பில்தான். ஹோஸ் வெடித்தால் எங்கே வெடித்தது என்று கண்ணுக்குத் தெரியும். புது ஹோஸுக்கு முனை அழுத்தித் தர டிராக்டர், மண்வாரி பழுதுபார்க்கும் பட்டறையே போதும். களையோ கயிறோ புரொபெல்லரில் சுற்றி நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பிவிடும், எதுவும் உடையாது. ஆனால் ஓட்டுநர் அதைக் கவனிக்காமல் விட்டால் பம்பு தரும் சக்தி முழுவதும் வால்விலேயே சூடாகி, சில நிமிடங்களில் ஆயில் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகாவிட்டாலும் சீல்களைக் கெடுக்கும் அளவுக்குச் சூடேறிவிடும்.

மின்சாரத்தில் அதே வேலையைக் கன்ட்ரோலரின் மின்னோட்ட வரம்பு செய்கிறது, இன்னும் மென்மையாக. சுற்றிய களையைக் கழற்ற மோட்டாரைப் பின்னோக்கி ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் போதும். ஆனால் கன்ட்ரோலர் செத்துவிட்டால் பட்டறையில் யாரும் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது. எடுத்து வேறு போட வேண்டும். அதனால் உதிரிக் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி அலமாரியில் வைப்பதை ஆரம்பச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாடல் என்றால் ஒரு உதிரியே இரண்டுக்கும் ஆகும்.

எஞ்சினே நின்றுபோனால்? ஹைட்ராலிக் படகு அங்கேயே மிதந்துகொண்டு இழுவைக்குக் காத்திருக்கும். பேட்டரிப் படகு 4 நாட்டில் ஏறக்குறைய 7 கிலோவாட் எடுத்து, முழுச் சார்ஜ் இருந்தால் மூன்றரை மணி நேரம், 13 கடல் மைல் வரை தானே வந்து சேரும். பாதிச் சார்ஜ் இருந்தாலும் கரை பிடித்துவிடலாம்.

ஆயில் கசிவையும் சொல்ல வேண்டும். முழு ஹைட்ராலிக் என்றால் 120 லிட்டர் ஆயில், நீருக்கு மிக அருகே இரண்டு மோட்டார்கள், 168 பாரில் ஹோஸ்கள். தூய்மை செய்யப் போன படகே நீரில் ஆயில் படலம் விட்டால் அதைவிட அவமானம் உண்டா? மட்கக்கூடிய ஆயில் போடலாம், விலையும் பராமரிப்பும் கூடும். மின்சார வழியில் கிரேனுக்கும் கன்வேயருக்கும் மட்டும் தளத்தின் மேலே 30 லிட்டர் ஆயிலோடு ஒரு சின்ன ஹைட்ராலிக் பெட்டி போதும். உந்துதலுக்கு மின்சாரம் என்றதற்காக கிரேனையும் மின்சாரமாக்க வேண்டிய அவசியமில்லை. தூக்கும் வேலைக்கு ஹைட்ராலிக் சிலிண்டரை மிஞ்ச ஆள் இல்லை.

சத்தம்: 9 பிஸ்டன் பம்பு 2,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 300 துடிப்பு தரும். அந்த 'ஙீ' என்ற ரீங்காரம் அலுமினியத் தளம் முழுக்கப் பரவும். 5 மணி நேரம் அதன் மேல் நின்று வேலை செய்பவர்களிடம் கேட்டால் வேறு கணக்கே தேவைப்படாது.

எந்த வழியானாலும் கிடைக்கும் மிச்சம்

இந்தக் கணக்கில் எனக்கே வியப்பாக இருந்த எண் ஒன்று உண்டு. போக வர 6.5 நாட்டுக்குப் பதிலாக 5.5 நாட்டில் ஓட்டினால் தேவை 25 கிலோவாட்டிலிருந்து 15-க்கு இறங்குகிறது. நேரம் நாளுக்கு 22 நிமிடம் கூடும். ஹைட்ராலிக்கிலேயே 18 லிட்டர் 13 ஆகிறது. 5 லிட்டர் மிச்சம், ஒரு பைசா செலவில்லாமல்! பேட்டரி, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாம் வாங்கிச் சேர்த்த மிச்சமே 6 லிட்டர்தான். படகு வைத்திருப்பவர் டீசல் செலவுக்காக மட்டும் ஹைட்ராலிக்கைக் கழற்றி மின்சாரம் போட நினைத்தால், முதலில் ஒரு மாதம் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

புரொபெல்லரும் அப்படித்தான். எஞ்சின் ஆர்பிஎம்முக்குக் கட்டுப்படாமல் புரொபெல்லரைச் சுற்ற முடிவது இரண்டு வழிகளுக்கும் பொதுவான வரம். விட்டம் கூடிய, மெதுவாகச் சுற்றும் புரொபெல்லர் போட்டால் அதன் செயல்திறன் 45 விழுக்காட்டிலிருந்து 55 ஆனாலே, ஹைட்ராலிக்குக்கும் மின்சாரத்துக்கும் நடுவே வேக ஓட்டத்தில் இருக்கும் வித்தியாசத்தை அது விழுங்கிவிடும். 600 ஆர்பிஎம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

எழுதிக் கொடுத்தது

மின்சாரம். 96 வோல்ட், பக்கத்துக்கு 12.5 கிலோவாட் மோட்டார், பெல்ட் வழியாக ஆர்பிஎம் குறைப்பு, 30 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 40 கிலோவாட் எஞ்சினில் ஜெனரேட்டர், இரவில் கரைச் சார்ஜ், கிரேனுக்குத் தனி ஹைட்ராலிக் பெட்டி, உதிரிக் கன்ட்ரோலர் ஒன்று. ஓட்ட வேகம் 5.5 நாட், அவசரம் என்றால் மட்டும் 6.5.

காரணங்களில் டீசல் மிச்சம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதலில் கரைச் சார்ஜ் வசதி, அடுத்து நீருக்குள் ஆயில் போகும் வாய்ப்பு. இதே மிதவைகளை எடுத்து, தினமும் வேறு வேறு இடத்தில் தங்கும் தூர்வாரும் படகாக மாற்றினால் என் பதில் மாறிவிடும். தூர்வாரும் பம்புக்கு நாள் முழுக்க 30 கிலோவாட் வேண்டும் என்றால் எஞ்சின் எப்போதும் நல்ல சுமையில்தான் இருக்கும், நிறுத்தவே வழியில்லை. பேட்டரியால் வந்த 3 லிட்டர் மிச்சம் காணாமல் போகும். பெரிய ஹைட்ராலிக் பம்பு எப்படியும் தளத்தில் இருக்கும், அதிலிருந்து இரண்டு ஹோஸ் இழுத்து உந்துதலுக்கும் கொடுத்துவிடலாம். கரைச் சார்ஜுக்கு நிலையான துறையும் இருக்காது. அந்தப் படகுக்கு முக்கால் அங்குல ஹோஸ், சுவரில் ஒட்டிய கூலர், மட்கக்கூடிய ஆயில் என்று ஹைட்ராலிக்கையே எழுதிக் கொடுப்பேன்.